அருளப்பன் சரியாகத்தான் மாட்டினார்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நம் ஞாயிறு புகைப்பட வட்டத்தில் படம் எடுத்தவர்களுக்கும், எடுத்ததாக நினைத்துக்கொண்டவர்களுக்கும், தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் அருளப்பனைத் தெரியும். தெரியும் என்றாவது சொல்லிக்கொள்கிறீர்கள்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறைத் தொலைபேசியில் வந்தது. வட்டத்தின் செயலாளர்தான் பேசினார். "வாத்தியாரே, நம்ம அருளப்பன் அண்ணன் போயிட்டாரு. காலைல பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தவரு, பஸ் வந்தும் எந்திரிக்கல." எனக்குப் பின்னால் கணக்கு ஆசிரியர் கார் டயர் விலை கேட்பதற்காகத் தொலைபேசிக்குக் காத்திருந்தார். அவரிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பருவமழை எப்படி உண்டாகிறது என்பது அன்றைய பாடம். பலகையில் அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் தவறான திசையில் போட்டிருக்கிறேன் என்று மாணவிகள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அன்று மாலையே புக்கிட் பாஞ்சாங்குக்குப் போனேன். ஜோகூர் போகும் பஸ்ஸில் வழி முழுக்க நின்றபடி. அவர் வீடு இருந்த அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்து, வேர்க்கடலையும் பானமும் வந்த பிறகு, துக்க வீடுகளில் நடப்பது போலப் பேச்சு மெதுவாகச் சிரிப்புக்குத் திரும்பியது. அதில் குறை இல்லை. அருளப்பன் சிரிக்கத் தெரிந்தவர். ஆனால் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த நம் முன்னாள் தலைவர் ஆரம்பித்தார்.

"மனுஷன் தங்கம்லா. ஆனா ஒரு தடவை என்ன பண்ணாரு தெரியுமா? கெஸ்ட் எல்லாம் வர்ற நேரத்துல ஒரு படத்தைத் தலைகீழா மாட்டி வச்சுட்டாரு! ஆஸ்பத்திரில எக்ஸ்ரே பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு போல!"

சிரித்தார்கள். "தலைகீழ் அருளப்பன்!" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் சிரித்தார்கள். பானத் தட்டோடு நின்ற அருளப்பனின் மகள் ரீத்தாவும் மரியாதைக்குச் சிரித்தாள்.

நான் கிளம்பும்போது கீழ்த்தளத்து ஓரம்வரை என்னோடு வந்தாள். "அங்கிள், அப்பா ரியலி அப்படி மாட்டினாரா? வீட்ல ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. எல்லாரும் ஜோக்குன்னுதான் சொல்றாங்க, ஆனா எனக்கு ஒரு மாதிரி இருக்கு அங்கிள்."

நான் வாய் திறப்பதற்குள், கைகழுவிவிட்டு வந்த தலைவர் என் தோளில் ஈரக்கையை வைத்தார். "அது வாத்தியார் படம்தாம்மா! அவரையே கேளு, கேளு!"

"பிறகு சொல்றேன்மா" என்றேன். அந்தப் பிறகு இதுதான்.

வட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எழுபதுகளின் கடைசியில் நாம் கூடியது ஜாலான் புசாரில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில். கடையும் மாடியும் தலைவருடையவை. மாடிக்கு ஏறும் படிக்கட்டின் ஒரு பக்கச் சுவரில் ஒரு டஜன் ஆணிகள். அந்த ஆணிகள்தான் நம் கண்காட்சிக்கூடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படங்கள் மாறும். இந்த ஊரில் கேமரா வைத்திருந்த தமிழர்களில் பாதிப் பேர் அந்த டஜனுக்குள் நுழையத் தவித்தார்கள். நானும்தான். வெளியே பெரிய சங்கங்கள் இருந்தன, வெளிநாட்டுப் பதக்கங்கள் வாங்குகிறவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தப் படிக்கட்டுச் சுவர்தான் வேண்டியிருந்தது.

தேர்வு செய்கிறவர் அருளப்பன் ஒருவரே. படங்களை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். முன்புறமும் பின்புறமும் பெயர் கூடாது. ஞாயிறு பிற்பகல் அவர் டின்னைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, மேசைமேல் சாய்த்து வைப்பார், முதலில் தலைகீழாக. அப்படியே கொஞ்ச நேரம் பார்ப்பார். "நேரா வச்சா உடனே யாரு, எந்த இடம்னு பார்க்க ஆரம்பிச்சிடுவோம். தலைகீழா இருந்தா படம் மட்டும்தான் தெரியும்" என்பார். பிறகு நேராக்குவார். பிடித்தால், "ஏறட்டும்." பிடிக்காவிட்டால், "வீட்டுக்குப் போகட்டும்." வேறு தீர்ப்பு கிடையாது.

வீட்டுக்குப் போக வேண்டியவை மறுபடி டின்னுக்குள் போகும். டின் படிக்கட்டின் அடியில் வைக்கப்படும். எல்லோரும் உள்ளே தேநீர் குடிக்கும்போது, கைகழுவவோ சிகரெட் பிடிக்கவோ போகிறவர் போல ஒவ்வொருவராக இறங்கி, தன் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்க்காதது போல இருக்க வேண்டும். எது யாருடைய படம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அருளப்பன் ஏற்படுத்திய மரியாதை இது. நான் அந்த நாள்களில் கைகழுவியது போல வேறு எப்போதும் கழுவியதில்லை.

என் படங்களுக்கு நான் தலைப்பு எழுதி ஒட்டுவேன். அது விதியில் தடுக்கப்படவில்லை. காத்தோங் விநாயகர் கோயில் வாசலில், மாலை வெயிலில், கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்த ஒரு முதியவரை எடுத்து, 'வாழ்வின் அந்தி' என்று ஒட்டியிருந்தேன். அருளப்பன் அதைத் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதை எடுத்தவர் நிறையப் படிச்சவர்" என்றார் பொதுவாக, சுவரைப் பார்த்து. "கிளிக் பண்றதுக்கு முன்னாடியே தலைப்பு வச்சுட்டாரு. அந்தி இருக்கு. வாழ்வுதான் எங்கன்னு தேடுறேன். வீட்டுக்குப் போகட்டும்."

அறையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாடு, பார்ப்பதைவிட மோசம். இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். என் பகைகளை நான் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவன் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரைத் தாண்டிப் போன தலைமை ஆசிரியரோடு இன்னும் பேசுவதில்லை. ஆனால் அருளப்பனோடு அது முடியவில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்து, "வாத்தியாரே, உங்க கோபத்துக்கு ஒரு தலைப்பு வைங்களேன், கேட்போம்" என்றார். கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் மனிதன் என்ன செய்ய முடியும்? அன்று அவர் வாங்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்தேன்.

இன்னொரு ஞாயிறு. டின்னிலிருந்து வந்த ஒரு படத்தில், அடுக்குமாடி வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு பெண் துணி காயப்போட்ட மூங்கில் கழியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வையின் கனத்தில் கழி வளைந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அல்லது சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. அருளப்பன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அதைத் தலைகீழாக வைத்திருந்தார். பிறகு, "வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

தேநீர் நேரத்தில் நான் வழக்கம்போலக் கைகழுவ இறங்கினேன். டின்னுக்கு முன்னால் அருளப்பன் குனிந்து நின்றார். அந்தப் படம் பாதி அவர் சட்டைக்குள் போயிருந்தது.

"அண்ணே! இது உங்க படமா?"

"உஷ். விதியை மீறாதீங்க."

"உங்க படத்தை நீங்களே ஏன்ணே தள்ளினீங்க? நல்லா இருந்துச்சே!"

"என் சம்சாரம் நல்லா இருக்கா. படம் சுமார்தான்லா." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அவளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் படம் தெரியல. எனக்கே தெரியலன்னா எப்படி ஏத்துறது? வழிய விடுங்க, உங்களுக்கும் உள்ள ஒண்ணு கிடக்கு."

உண்மைதான். எனக்கும் ஒன்று கிடந்தது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஒரு டிசம்பர் மழையில் ஜாலான் புசாரும் சுற்றியுள்ள சந்துகளும் கணுக்காலுக்கு மேல் மூழ்கின. மழை விட்டதும் ஒருவர் நடைபாதை ஓரத்தில் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, குடையோடு, போவதா வேண்டாமா என்று நின்றார். அவர் பாதங்களை மட்டும் சட்டத்தின் மேல் விளிம்பில் வைத்து, மீதி முழுவதும் தண்ணீரை எடுத்தேன். தண்ணீரில் அவர் உடம்பு, குடை, கடைவீட்டு ஜன்னல்கள், ஒரு பெயர்ப்பலகை, எல்லாவற்றுக்கும் கீழே வானம். தலைப்பு எதுவும் தோன்றவில்லை. ஒட்டாமலே டின்னில் போட்டேன்.

அருளப்பன் வழக்கம்போல அதைத் தலைகீழாகச் சாய்த்தார். கட்டடங்கள் நிமிர்ந்து நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பினார். கட்டடங்கள் கவிழ்ந்தன. அறையே சிரித்தது. "அண்ணே, முதல்ல வச்சதுதான் நேர்!" என்றார் ஒருவர்.

"இல்லல்ல. இதான் நேர்." பாதங்களின்மேல் விரலை வைத்தார். "கால் இங்க நிக்குது. தண்ணி கீழ கிடக்கு. இந்த போர்டு எழுத்தைப் பாருங்க, திருப்பி வச்சா கண்ணாடில பார்க்கற மாதிரி மாறிப் போயிடும். இந்த ஆளு இறங்கலாமா வேணாமான்னு நிக்கிறான். கவுத்து வச்சா அவன் இறங்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் படத்துல ஒண்ணும் இல்ல." பிறகு நான் அத்தனை காலம் காத்திருந்த சொல்லைச் சொன்னார். "ஏறட்டும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்று அந்த அறையில் நீங்கள் இருந்தீர்கள். இதைக் காதால் கேட்டீர்கள். வராமலிருந்தவர் தலைவர் ஒருவரே. மலாக்காவில் ஏதோ கல்யாணம்.

அந்த முறை ஆண்டுக் கண்காட்சி. பெரிய சங்கங்களிலிருந்து விருந்தினர்கள் வருவதாக ஏற்பாடு. அருளப்பன் வெள்ளிக்கிழமை தன் கையால் ஒரு டஜன் படங்களையும் மாட்டினார். சுவரை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. சட்டம் சாய்ந்திருந்தால்கூட அவரைக் கூப்பிட்டுத்தான் நிமிர்த்துவோம். மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். என் படம் ஆறாவது ஆணியில், பாதங்கள் மேலே, வானம் கீழே.

சனிக்கிழமை யாரும் வருவதற்கு முன்னாலேயே போனேன். தனியாக நின்று என் படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. படிக்கட்டில் தலைவர், ஆள் குள்ளம், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றார். கையில் என் படம்.

"யாருலா இதைத் தலைகீழா மாட்டுனது? கெஸ்ட் வந்தா மானம் போயிடும்."

"அது தலைகீழ் இல்லைங்க. அதான் நேர். அருளப்பன் அண்ணன் சொல்லித்தான்…"

"வாத்தியாரே, உங்க ஸ்கூல்ல கட்டடம் தலைகீழாவா நிக்குது?" திருப்பி மாட்டிவிட்டு இறங்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

நான் ஏன் உடனே கை நீட்டித் திருப்பவில்லை என்று கேட்பீர்கள். சுவரை அருளப்பன்தான் தொட வேண்டும். அவ்வளவுதான் காரணம். கையெட்டும் தூரத்தில் படம் கவிழ்ந்து தொங்க, விதியைக் காப்பாற்றிக்கொண்டு கீழே நின்றேன். நம் வட்டத்து ஆள் ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம்.

அருளப்பனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. அவர் வந்து சேர்ந்தபோது விருந்தினர்களும் கூடவே வந்தார்கள். நெரிசலில் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து ஆறாவது ஆணியைப் பார்த்தார். அவர் கை சுவர் பக்கம் நீண்டது. அதற்குள், முன்னால் நின்ற ஒரு சீனப் பெரியவர் தலையைச் சாய்த்துப் பெயர்ப்பலகை எழுத்தைப் படிக்கப் பார்த்து, இதை மாட்டியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கேலி இல்லை.

தலைவர் அருளப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் சார். மை மிஸ்டேக்" என்றார் அருளப்பன். படத்தை எடுத்து நேராக மாட்டினார். "தினமும் எக்ஸ்ரே பார்க்கற ஆளு, மன்னிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் தலைவர்.

தினமும் எக்ஸ்ரே பார்க்கற ஆள்! இடது வலது மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பிலிமிலும் ஈயத்தில் வார்த்த எழுத்தை வைத்து எடுப்பது அவர் தொழில். மாறினால் என்ன ஆகும் என்பதை என்னிடம் ஒருமுறை விளக்கி, சாப்பிட முடியாமல் செய்திருக்கிறார். அந்த மனிதரா கவிழ்த்து மாட்டுவார்?

கூட்டம் கலைந்த பிறகு எதிர்ப்பக்கக் கோப்பிக்கடையில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ணே பழியை ஏத்துக்கிட்டீங்க? அவர்தானே திருப்பினாரு! இப்பவே போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க. அந்த மாடி யாருது?"

"அவருது."

"சுவரு?"

"அவருதுதான்."

"படம்?"

"என்னுது."

"அவரு சுவத்துல உங்க படம் இருக்கு, இப்ப நேரா இருக்கு. கெஸ்ட்டு முன்னாடி அவரு மூஞ்சி சுருங்கிச்சுன்னா அடுத்த மாசம் அந்தச் சுவத்துல ஆணி பெட்டிதான் அடுக்கி வைப்பாரு. நம்ம பசங்க அப்புறம் எங்க போய்ப் படம் மாட்டுவாங்க?" ரொட்டியைத் தின்று முடித்தார். "தவிர, சுவத்துல தொங்குறதுக்கு எல்லாம் நான்தான் பொறுப்பு. நல்லா இருக்குன்னு சொல்றப்ப வாங்கிக்கிட்டேன்ல?"

"உங்க பேரு கெட்டுப் போகுதே!"

"நான் இருக்கற வரைக்கும் இதைப் பேசாதீங்க வாத்தியாரே. பேசினா நான் கோபப்படணும். எனக்குக் கோபம் சரியா வராது, உங்க அளவுக்குப் பழக்கம் இல்ல."

வாக்குக் கொடுத்தேன். அவர் இருந்தவரை காப்பாற்றினேன். அது எனக்கும் அவருக்கும் இருந்த ஏற்பாடு. அன்று அறையில் இருந்து கேட்ட உங்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. தேநீரும் மாடியும்தான் இருந்தன. அடுத்த பொதுக்கூட்டத்தில், ஒருவர் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்று சொல்லித் தலைவர் படத் தேர்வுக்கு மூவர் குழுவை அமைத்தபோது, கைகளைத் தூக்கினீர்கள். என் கை கீழேதான் இருந்தது. எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை.

அருளப்பன் அதன் பிறகும் வந்தார். எல்லோரையும் போலப் படத்தை டின்னில் போட்டார். எல்லோரையும் போலத் தேநீர் நேரத்தில் இறங்கிப் போய், சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். மூவர் குழு அவர் படம் ஒன்றைக்கூட ஏற்றவில்லை. "உங்களுக்கு வருத்தமா இல்லையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்குலா. இல்லாம இருக்குமா?" என்றார். "அதான் அடுத்த தடவையும் வர்றேன்." புக்கிட் பாஞ்சாங்குக்குக் குடிபோன பின்னும் அந்தத் தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். அவருடைய கடைசிப் படங்களில் பெரும்பாலானவை பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தவை. ஆடியிருக்கும். நானே தேர்வாளராக இருந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன். அவர் முகத்துக்கு எதிரே சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

வட்டம் சமூக மன்றத்துக்கு மாறிவிட்டது. இப்போதைய சுவர் யாருடைய சொந்தச் சுவரும் இல்லை. இதைச் சொல்வதால் யாருக்கும் ஆணி குறையப்போவதில்லை.

ஆகவே, ரீத்தா, உன் கேள்விக்குப் பதில். உன் அப்பா தலைகீழாக மாட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவர் மாட்டியபோது பக்கத்தில் நின்றேன். சனிக்கிழமை இன்னொருவர் திருப்பியதையும் நின்று பார்த்தேன். அடுத்த முறை யாராவது உன் முன்னால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால், நீ மரியாதைக்குக்கூடச் சிரிக்க வேண்டியதில்லை. முன்பு வந்தபோது உன் வீட்டில், குளிர்பதனப் பெட்டிக்கு மேலே, மூங்கில் கழியோடு உன் அம்மா இருக்கும் படத்தைப் பார்த்தேன். அதைத் தலைகீழாக வைத்து ஒருமுறை பார். உன் அப்பா சொன்னது தவறு. அது சுமார் படம் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். எதையும் முடித்த பிறகு கவிழ்த்து வைத்துப் பார்ப்பேன். மாணவர்களின் வரைபடங்களை, சம்பள உயர்வு கேட்டு எழுதும் விண்ணப்பங்களை. இந்தத் தாள்களையும் சற்று முன் மேசையில் தலைகீழாகப் பரப்பிப் பார்த்தேன். வார்த்தை தெரியவில்லை, மையின் அடர்த்தி மட்டும் தெரிந்தது. தலைவரைப் பற்றி எழுதிய இடங்களில் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியிருந்தது. இரண்டு பக்கங்களை எடுத்துக் கிழித்துப் போட்டேன். மீதிதான் இது. கிழித்தவை நன்றாக எழுதப்பட்டிருந்தன என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில் இதை வட்டத்துக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். சுவரில் ஓர் ஆணி ஒதுக்குவதா என்று மூவர் குழு பார்க்கட்டும். யார் எழுதியது என்று முதல் வரியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் போடப்போவதில்லை, முன்புறமும் பின்புறமும். வேண்டாம் என்றால் டின்னில் போட்டுக் கீழே வையுங்கள். நீங்கள் தேநீர் குடிக்கும்போது நான் கைகழுவ வருவேன்.